பழைய சிந்தசைசரும் புதிய சிந்தசைசரும்

இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். அதுவும் தாழ்ந்த சுரத்துக்குரிய கட்டை. விரலை மெல்ல வைத்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒலியின் உரப்பு மாறாது. அரும்பாடுபட்டு அமைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளாது. அறை சூடேறினால் சுருதி விலகும். இத்தனை குறைகள் உள்ள ஓர் இசைக்கருவியை இன்று யாரேனும் விலை கொடுத்து வாங்குவார்களா?

வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, 1981இல் உற்பத்தி நின்றுபோன 'மினிமூக்' என்னும் சிந்தசைசர் 2016இலும் 2022இலும் மீண்டும் தயாரிக்கப்பட்டது. ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்களை ஒலிக்கவல்ல கீபோர்டுகள் கடைகளில் குவிந்திருக்கும் காலத்தில், ஒற்றைச் சுரக் கருவிக்கு மீண்டும் உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

இது வெறும் பழமை மோகமா? அல்லது பழைய கருவியில் புதியதில் இல்லாத ஏதோ ஒன்று உண்மையாகவே இருக்கிறதா? இக்கேள்விக்கு விடையை இசைக்கலைஞர்களின் விருப்பு வெறுப்புகளில் தேடுவதைவிட இயற்பியலில் தேடுவது நல்லது. கருவி எதனால் பாடுகிறது என்று அறிந்துகொண்டால், அதன் பலமும் பலவீனமும் தாமே விளங்கிவிடும்.

வாய் ஒரு வடிகட்டி

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் 'ஆ' என்று பாடுங்கள்; மூச்சை நிறுத்தாமல் அதையே 'ஈ' என்று மாற்றுங்கள். சுருதி மாறவில்லை, உரப்பும் மாறவில்லை. ஆனாலும் ஒலி வேறாகிவிட்டது. மாறியது எது?

தொண்டையில் உள்ள குரல் நாண்கள் வினாடிக்கு 200 முறை அதிர்கின்றன என்று கொள்வோம். அப்போது 200 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி மட்டும் எழுவதில்லை. அதன் மடங்குகளான 400, 600, 800 ஹெர்ட்ஸ் ஒலிகளும் சேர்ந்தே எழுகின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். வாயின் வடிவம் மாறும்போது சில மேற்சுரங்கள் வலுப்பெறுகின்றன, சில மங்குகின்றன. 'ஆ'வும் 'ஈ'யும் வேறுபடுவது இதனால்தான். வீணையையும் புல்லாங்குழலையும் கண்ணை மூடிக்கொண்டே நாம் பிரித்தறிவதிலும் மேற்சுரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

சிந்தசைசர் இந்த வேலையை மின்சாரத்தால் செய்கிறது. குரல் நாணுக்குப் பதில் ஓர் அலையியற்றி. வாய்க்குப் பதில் ஒரு வடிகட்டி. மூச்சின் வலுவைக் கூட்டிக் குறைப்பதற்குப் பதில் ஒரு பெருக்கி. பழைய கருவி, புதிய கருவி இரண்டிலுமே அடிப்படை இதுதான். ஆனால் பழையதில் இம்மூன்றும் கையால் தொடக்கூடிய மின்சுற்றுகள். புதியவை பெரும்பாலானவற்றில் அவை கணிப்பொறியின் கணக்குகள். வேறுபாடு அனைத்தும் இந்த ஒரு புள்ளியிலிருந்தே கிளைக்கின்றன.

மின்னழுத்தமே சுரம்

அமெரிக்கப் பொறியாளரான ராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டில் தம் முதல் சிந்தசைசர் பகுதிகளை உருவாக்கியபோது, ஒரு நேர்த்தியான விதியைக் கையாண்டார். மின்னழுத்தம் 1 வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயர வேண்டும். அதாவது அதிர்வெண் இரு மடங்காக வேண்டும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் உள்ளன. ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் 1/12 வோல்ட், அதாவது சுமார் 83 மில்லிவோல்ட் கூடினால் போதும்.

இந்த விதியின் அழகைப் பாருங்கள். சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம்; வடிகட்டி எந்த அதிர்வெண்ணுக்கு மேல் தடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் மின்னழுத்தம்; உரப்பைத் தீர்மானிப்பதும் மின்னழுத்தம். எனவே எந்தச் சுற்றின் வெளியீட்டையும் எந்தச் சுற்றின் உள்ளீட்டிலும் இணைக்கலாம். வினாடிக்கு 6 முறை மெல்ல ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சுருதிக்குக் கொடுத்தால் சுரம் நடுங்கும். வடிகட்டிக்குக் கொடுத்தால் ஒலி 'வாவ், வாவ்' என்று வாய் திறந்து மூடும். பெருக்கிக்குக் கொடுத்தால் உரப்பு அலைபோல் எழுந்து விழும்.

மூக்கின் வடிகட்டி புகழ்பெற்றது. அது டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிகள்போல் அடுக்கிய சுற்று. அதன் எல்லையை 1,000 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்கு மேல் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அலையின் வீச்சு சுமார் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும். முன்பக்கத்தில் ஒரு திருகைத் திருப்பினால் இந்த எல்லை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் படிகளே இல்லை. சைக்கிள் பம்பில் காற்று அழுத்தம் கூடுவதைப்போல் அது தொடர்ச்சியானது.

பழைய கருவியின் மற்றொரு பலம், அதன் குறையிலிருந்தே பிறந்தது. மினிமூக்கில் மூன்று அலையியற்றிகள் உண்டு. மூன்றையும் ஒரே சுருதிக்கு வைத்தாலும் அவை சரியாக ஒன்றிவிடுவதில்லை. ஒன்று 220 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 220.5 ஹெர்ட்ஸிலும் ஒலிப்பதாகக் கொள்வோம். அடிப்படைச் சுரத்தில் இரண்டு வினாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். இரண்டாம் மேற்சுரங்களான 440, 441 ஹெர்ட்ஸுக்கு இடையே வினாடிக்கு ஒரு விம்மல். அடுத்த 660, 661.5 ஹெர்ட்ஸுக்கு இடையே வினாடிக்கு ஒன்றரை விம்மல். இவ்வாறு ஒவ்வொரு மேற்சுரமும் தனக்கே உரிய வேகத்தில் எழுந்து தணிகிறது. ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஒலி ஒரு கணம் இருந்தபடி மறுகணம் இருப்பதில்லை. இசைக்கலைஞர்கள் 'கதகதப்பான ஒலி' என்று புகழ்வதில் பெரும் பங்கு இந்த விம்மல்களுக்கு உரியது.

வெப்பம் என்னும் எதிரி

ஆனால் அந்தச் சிறு விலகல் எல்லை மீறினால் என்ன ஆகும்? இங்கேதான் டிரான்சிஸ்டரின் இயல்பு குறுக்கிடுகிறது.

மின்னழுத்தம் சீராகக் கூடும்போது அதிர்வெண் மடங்கு மடங்காகப் பெருக வேண்டும் என்றோம். இந்த மடங்குப் பெருக்கத்தைச் செய்வது ஒரு டிரான்சிஸ்டர். 300 கெல்வின் வெப்பநிலையில், அதாவது 27 டிகிரி செல்சியஸில், அதன் அடிவாயில் மின்னழுத்தம் சுமார் 18 மில்லிவோல்ட் உயர்ந்தால் மின்னோட்டம் இரு மடங்காகும். கட்டையிலிருந்து வரும் 1 வோல்ட்டை மின்தடைகள் இந்த 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கின்றன. ஆனால் இந்த 18 மில்லிவோல்ட் மாறாத எண் அன்று. தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறுவது. ஒரு டிகிரி சூடேறினால் முந்நூறில் ஒரு பங்கு கூடுதலாகத் தேவைப்படும்.

முந்நூறில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். இசையில் ஓர் அரைச்சுரத்தை 100 சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'சென்ட்' என்பர். ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். சுருதி சேர்த்த கட்டையிலிருந்து மூன்று ஸ்தாயி மேலே வாசித்தால் அது 3,600 சென்ட் தொலைவு. அதில் முந்நூறில் ஒரு பங்கு 12 சென்ட். மேடை விளக்குகளால் கருவி 5 டிகிரி சூடேறினால் பிழை 60 சென்ட். அரைச்சுரத்தில் பாதிக்கு மேல்! பாடகருக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க இது சற்றும் ஆகாது.

எந்தத் தயாரிப்பாளரும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. வெப்பநிலைக்கு ஏற்பத் தானும் அதே விகிதத்தில் மாறும் தனிவகை மின்தடையைச் சிலர் சேர்த்தனர். டிரான்சிஸ்டர் இணையையே ஒரு சிறு அடுப்பில் வைத்ததுபோல் எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்கும் சில்லுகளைச் சிலர் பயன்படுத்தினர். பிழை வெகுவாகக் குறைந்தது, முற்றும் ஒழியவில்லை. பழைய கருவியை இயக்கியதும் வாசிக்கத் தொடங்காமல், சிறிது நேரம் சூடேறவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கும் வழக்கம் இதனால் வந்ததே.

ஒரு குரலுக்கு ஒரு சுற்று

மின்னழுத்த முறையின் அடுத்த எல்லை செலவு. ஓர் அலையியற்றி ஒரு நேரத்தில் ஒரு சுருதியையே தரும். ஐந்து சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் ஐந்து தொகுதிச் சுற்றுகள் வேண்டும். வெண்டி கார்லோஸ் மூக் சிந்தசைசரைக் கொண்டு உருவாக்கி 1968இல் வெளியான பாஹ் இசைத்தட்டு உலகப்புகழ் பெற்றது. அதில் பல குரல்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கிறோம். ஆனால் அவை சேர்ந்து வாசிக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வரியாக வாசித்து, பல தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துச் சேர்த்தவை.

யமஹா நிறுவனம் 1977இல் வெளியிட்ட சி.எஸ்-80 கருவி எட்டுக் குரல்கள் கொண்டது. அதன் எடை 80 கிலோகிராமுக்கும் மேல்! ஒரு குரலுக்கு ஒரு சுற்று என்பதன் பொருளைத் தோளில் சுமந்து உணரலாம்.

மறு ஆண்டு 1978இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் புரோஃபெட்-5 என்ற கருவியை வெளியிட்டது. குரல்கள் ஐந்து, குரலுக்கு இரண்டாக அலையியற்றிகள் பத்து. ஒலியை உண்டாக்கியவை பழைய முறைச் சுற்றுகளே. ஆனால் அவற்றை மேற்பார்வையிட ஒரு நுண்செயலி உள்ளே அமர்ந்தது. அது இரண்டு வேலைகளைச் செய்தது. திருகுகள் இருக்கும் நிலைகளை எண்களாக்கி, 40 ஒலி அமைப்புகளை நினைவில் வைத்துக்கொண்டது. மேலும் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து அலையியற்றிகளின் சுருதியையும் தானே அளந்து பிழையைத் திருத்தியது. அதற்கு முன்பு, மினிமூக் வாசிப்பவர் திருகுகளின் நிலையைக் காகிதத்தில் படம் வரைந்துதான் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாடல்களுக்கு நடுவே, கூட்டம் காத்திருக்க, அவர் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்களே சுரம்

நுண்செயலி மேற்பார்வையாளராகவே நின்றுவிடவில்லை. விரைவில் அதுவே பாடகராயிற்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சவ்னிங் 1967இல் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை மற்றொரு சைன் அலையால் மிக வேகமாக அசைத்தால் புதிய அதிர்வெண்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. பண்பலை வானொலியில் நிகழும் அதே அதிர்வெண் பண்பேற்றம்தான் இது. ஆனால் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள். 440 ஹெர்ட்ஸ் அலையை 440 ஹெர்ட்ஸாலேயே அசைத்தால் 880, 1,320 என்று மடங்குகளே பிறக்கும். ஒலி இனிய சுரமாக இருக்கும். 616 ஹெர்ட்ஸால் அசைத்தால் 1,056, 176, 1,672, 792 என்று ஒன்றுக்கொன்று எளிய உறவில்லாத அதிர்வெண்கள் பிறக்கும். ஒலி மணி ஓசைபோல் ஒலிக்கும். இரண்டே அலைகளும் சிறிது கணக்கும் போதும்.

இவ்வுரிமையைப் பெற்ற யமஹா 1983இல் டி.எக்ஸ்-7 கருவியை வெளியிட்டது. அது ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலித்தது. எண்களுக்கு வெப்பம் பகையில்லை. 440 என்ற எண் கோடையிலும் 440தான். குரலுக்கு ஒரு சுற்று என்ற தேவையும் இல்லை. ஒரே கணக்குச் சுற்று மாறி மாறிப் பதினாறு குரல்களுக்கும் கணக்கிட்டுவிடும். விரல் கட்டையில் இறங்கும் வேகத்தை அது அளந்தது; ஓங்கி அடித்தால் உரப்பு மட்டுமன்றி ஒலியின் பண்பும் மாறியது. மின்னழுத்தக் கருவிகளுக்கு அரிதாக இருந்த மணி ஓசையும் மின் பியானோ ஓசையும் அதற்குக் கைவந்த கலையாயின.

மற்றொரு வழி, உண்மையான கருவியின் ஒலியையே எண்களாகப் பதிந்து, கட்டையை அழுத்தும்போது திரும்ப ஒலிக்கச் செய்வது. ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் கருவி 1979இல் இதைச் செய்து காட்டியது. அதை எளியோர் கைக்குக் கொண்டு சேர்த்தவற்றுள் 1988இல் வந்த கோர்க் எம்-1 முக்கியமானது. அதன் ஒலிக் களஞ்சியம் 4 மெகாபைட். வினாடிக்கு 44,100 அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்று கணக்கிட்டால் ஒரு வினாடி ஒலிக்கு 88,200 பைட் தேவை. 4 மெகாபைட்டில் சுமார் 47 வினாடி ஒலியே அடங்கும். பியானோ, குழல், பிடில் கூட்டம், மேளம் அனைத்தும் அதற்குள்! ஆகவே சுரத்தின் தொடக்கத்தை மட்டும் முழுமையாகப் பதிந்து, பிறகு ஒரு சிறு துண்டையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தனர். ஒரே பதிவை வேகமாக ஓட்டி மேல் சுரங்களுக்கும் பயன்படுத்தினர். ஆனால் வேகமாக ஓட்டினால் கருவியின் உடல் வலுப்படுத்தும் அதிர்வெண்களும் கூடவே ஏறிவிடும். மனிதக் குரல் சுண்டெலிக் குரலாவது இதனால்தான். இன்று நினைவகம் மலிந்துவிட்டதால், ஒவ்வொரு கட்டைக்கும் மென்மை, வன்மை எனப் பல பதிவுகளைத் தனித்தனியே வைக்க முடிகிறது.

எண்களுக்கும் எல்லை உண்டு

அப்படியானால் எண்களுக்குக் குறையே இல்லையா? உண்டு. அவை மின்னழுத்தத்தின் குறைகளுக்கு நேர்மாறானவை.

முதலாவது, மடிந்து விழும் அதிர்வெண்கள். வினாடிக்கு 44,100 அளவீடுகள் எடுக்கும் கருவி, அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைச் சரியாகக் காட்ட இயலாது. 4,000 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலை ஒன்றை எண்களால் கவனமின்றி உண்டாக்கினால், அதன் பத்தாம் மேற்சுரமான 40,000 ஹெர்ட்ஸ் காணாமல் போய்விடாது. 44,100லிருந்து 40,000ஐக் கழித்த 4,100 ஹெர்ட்ஸாக மடிந்து கேட்கும். இது 4,000இன் மடங்கன்று. மூலச் சுரத்தோடு உராயும் அபசுரம். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். மின்னழுத்தச் சுற்றில் இத்தொல்லை எழுவதே இல்லை. இன்றைய நல்ல கருவிகள் கூடுதல் வேகத்தில் கணக்கிட்டு இதை அடக்கிவிடுகின்றன. மலிவானவற்றில் மேல் கட்டைகளில் இன்றும் கேட்கலாம்.

இரண்டாவது, படிகள். 1983இல் ரோலண்ட் நிறுவனர் ககெஹாஷி, டேவ் ஸ்மித் ஆகியோரின் முயற்சியால் 'மிடி' என்னும் பொது மொழி பிறந்தது. அவ்வாண்டு சனவரியில் அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. இது பெரும் நன்மை. ஆயினும் அம்மொழியில் ஒரு திருகின் நிலை 0 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்று. வடிகட்டியின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சுமார் பத்து ஸ்தாயி. அதை 128 ஆகப் பிரித்தால் ஒரு படி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம்! மெல்லத் திருகினால் படிக்கட்டில் இறங்கும் ஓசை கேட்கக்கூடும். படிகளுக்கு இடையே கணக்கால் சாய்தளம் அமைத்துத் தயாரிப்பாளர்கள் இதை மறைத்தனர். 2020இல் வெளியான 'மிடி 2.0' இந்த எண்ணை 32 பிட் அளவுக்கு உயர்த்தியது.

மூன்றாவது, தாமதம். கணிப்பொறி, அளவீடுகளைக் கட்டுக்கட்டாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஒரு கட்டில் 256 அளவீடுகள் என்றால் தாமதம் சுமார் 6 மில்லிவினாடி. ஒலி காற்றில் 2 மீட்டர் செல்லும் நேரம் அது, பெரும்பாலோர் உணரமாட்டார்கள். கட்டு எட்டு மடங்கானால் தாமதமும் எட்டு மடங்கு. விரலுக்கும் காதுக்கும் இடையே 16 மீட்டர் தொலைவு விழுந்ததுபோல் ஆகிவிடும். அந்நிலையில் தாளம் பிடிப்பது கடினம்.

விரலும் திருகும்

ஒலியோடு ஒப்பீடு முடிந்துவிடுவதில்லை. கருவியை வாசிப்பது மனிதன்.

மினிமூக்கின் முகப்பில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு திருகு உண்டு. கண் பார்க்கும் இடத்தில் கை போகும். டி.எக்ஸ்-7இல் திருகுகள் கிடையா. தட்டையான பொத்தான்களும் ஒரு சிறு எழுத்துத் திரையுமே இருந்தன. 6 அலைகளை 32 வகைகளில் இணைக்கும் அந்த அரிய கருவியில் புதிய ஒலியை அமைக்கப் பொறுமை மிக வேண்டும். விளைவு, பலர் கருவியோடு வந்த ஒலிகளையே வாசித்தனர். 1980களின் பாடல்கள் பலவற்றில் ஒரே மின் பியானோ ஓசை திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான். எல்லையற்ற கருவி, வாசிப்பவர் கையில் எல்லைக்குட்பட்டதாகியது. அதே குறை, திரைக்குள் திரையாகப் பட்டியல்கள் விரியும் இன்றைய கருவிகள் சிலவற்றிலும் உண்டு.

நம் இசைக்கு மற்றொரு கேள்வி முக்கியம். கமகத்தில் சுரம் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கிறது. கட்டையோ ஒரு சுரத்திலேயே நிற்பது. இந்தக் குறையை ஓரளவு போக்குவது இடக்கைச் சக்கரம். மினிமூக்கிலேயே இது இருந்தது. மிடி மொழியில் இச்சக்கரத்துக்கு மட்டும் 16,384 படிகள் உண்டு. அவை காதுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. ஆனால் சக்கரத்தைத் திருப்பினால், அழுத்தியுள்ள எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வழுக்கும். ஒரு சுரம் நிற்க மற்றொன்று மட்டும் அசைய வேண்டுமானால், ஒவ்வொரு விரலின் செய்தியும் தனித்தனியே செல்ல வேண்டும். அதற்கான மிடி விதிமுறை 2018இல்தான் ஏற்கப்பட்டது.

இதில் ஒரு வியப்பு உண்டு. கட்டையை அழுத்திய பின்னும் ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் தனித்தனியே உணரும் வசதி 1977இன் சி.எஸ்-80இலேயே இருந்தது. 1983இன் டி.எக்ஸ்-7இல் அது இல்லை. எல்லா விரல்களுக்கும் சேர்த்து ஒரே அழுத்தம்தான். நெடுங்காலம் அரிதாகிவிட்ட அவ்வசதி, 2019இல் வந்த ஹைட்ராசிந்த் போன்ற கருவிகளில் மீண்டும் தலைகாட்டியது. புதியது வரும்போது பழையதன் நன்மைகள் அனைத்தும் அதனுள் அடங்கியே வரும் என்பது உண்மையன்று.

முதுமை

பழைய கருவிகளில் மின்தேக்கிகள் உலர்கின்றன. திருகுகளில் தூசி படிந்து கரகரக்கின்றன. ஆனால் மினிமூக் காலத்துச் சுற்றுகளில் பெரும்பாலானவை கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களாலும் மின்தடைகளாலும் ஆனவை. சுற்றுப்படமும் சால்டரிங் அயர்னும் பொறுமையும் உள்ளவர் பழுது பார்க்கலாம். டி.எக்ஸ்-7இன் உயிரோ யமஹா தனக்கென்றே செய்துகொண்ட சில்லுகளில் உள்ளது. அச்சில்லு கெட்டால், அதே வகையைச் சேர்ந்த மற்றொரு பழைய கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதன் ஒலி அமைப்புகளைக் காப்பது உள்ளே உள்ள சிறு மின்கலம். அது தீர்ந்தால் அமைத்த ஒலிகளும் போய்விடும். கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள் சிந்தசைசர்களுக்குத் தேய்மானமே இல்லை. ஆனால் கணிப்பொறியின் அடிப்படை மென்பொருள் மாறி, வெளியிட்ட நிறுவனமும் கைவிட்டுவிட்டால், பழுதே இல்லாமல் அவை ஊமையாகிவிடும்.

ஆகவே பலமும் பலவீனமும் ஒரே வேரில் கிளைத்தவை. மின்னழுத்தம் தொடர்ச்சியானது, அதனாலேயே அது வழுவழுப்பாக அசைகிறது, அதனாலேயே வெப்பத்திற்கும் அசைகிறது. எண் அசையாதது, அதனாலேயே அது நினைவில் நிற்கிறது, அதனாலேயே அதற்குப் படிகள் உண்டு. இரண்டையும் இணைக்கும் முயற்சிகளும் தொடர்ந்து நடந்திருக்கின்றன. 1982இன் ரோலண்ட் ஜூனோ-60இல் சுற்று பழைய முறை. அதன் சுருதியைக் காப்பது எண் கடிகாரம். 1995இன் நார்டு லீட் பழைய சுற்றுகளின் நடத்தையையே எண்களால் கணக்கிட்டுப் பாடியது. 2016இன் கோர்க் மினிலாக் நான்கு குரல் கொண்ட மின்னழுத்தச் சுற்றுகளோடு 200 அமைப்புகளை நினைவில் வைக்கிறது.

கடையில் ஐந்து சோதனைகள்

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் சிலர், வீட்டாரைச் சம்மதிக்க வைத்து ஒரு கீபோர்டு வாங்கும் எண்ணத்தில் இருக்கலாம். விற்பவர் 'எத்தனை நூறு ஒலிகள், எத்தனை குரல்கள்' என்பதையே பெரிதாகச் சொல்வார். மெல்லிசை மேடைக்குப் பல ஒலிகளும் உறுதியான சுருதியும் வேண்டும். அங்கே எண் கருவியே ஏற்றது. ஒலியை உருவாக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு முகப்பில் திருகுகள் நிறைந்த, குரல் குறைந்த கருவி நல்லது. காசு இல்லாதோர் மனம் தளர வேண்டாம். வி.சி.வி. ராக் போன்ற இலவச மென்பொருளில் அலையியற்றியையும் வடிகட்டியையும் திரையிலேயே கம்பியிட்டு இணைத்துப் பழகலாம்.

வாங்குவதானால் பணம் கொடுக்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள். ஒரே கட்டையை மெல்லவும் ஓங்கியும் அழுத்துங்கள். உரப்பு மட்டும் மாறுகிறதா, ஒலியின் பண்பும் மாறுகிறதா என்று கேளுங்கள். பல சுரங்களைப் பிடித்துக்கொண்டே மேலும் சில கட்டைகளை அழுத்துங்கள். முன்னவை எந்த இடத்தில் வெட்டுப்படுகின்றன என்று எண்ணுங்கள். வடிகட்டித் திருகு இருந்தால் மிக மெல்லத் திருப்பி, படிகள் கேட்கின்றனவா என்று கவனியுங்கள். கூர்மையான ஒலியைத் தேர்ந்து மேல் கோடிக் கட்டைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். சுரம் ஏறும்போது கூடவே ஏதேனும் ஓர் ஒலி கீழிறங்கினால் அதுதான் நாம் கண்ட மடிந்த அதிர்வெண். கடைசியாக, கருவி பழைய முறைச் சுற்றுகள் கொண்டதானால் சுருதியை இசைக்கவையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டு, கருவியை அணைக்காமல் விட்டு, அரை மணி கழித்து வந்து மீண்டும் ஒப்பிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் அது எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டு விலையைப் பேசுங்கள்.